எல்லைக்கோட்டில் எழும் கூச்சல்

சி. எல். ஆர். ஜேம்ஸின் ‘பியோண்ட் எ பவுண்டரி’ (1963) கிரிக்கெட் பற்றிய நூலாகவே பெரும்பாலும் பேசப்படுவது. ஆயினும் அதன் நுட்பமான முரண்பாடு பேஸ்போல் மைதானத்திலேயே வெளிப்படுகின்றது. 1938 இல் அமெரிக்கா சென்ற அவர், உடனிருந்த நண்பர்கள் (அவர்களுட் பல்கலைக்கழகத்தினரும் அடங்குவர்!) ஆட்டக்காரரை நோக்கி எழுப்பிய வசைக் கூச்சலை விளங்கிக்கொள்ள இயலாது தவித்ததாக எழுதுகின்றார். ஏகாதிபத்தியத்தை எதிர்த்த மார்க்சியவாதியைத் தவிக்கவைத்தது, ரினிடாட்டின் குயின்ஸ் றோயல் கல்லூரி புகட்டிய ஆங்கில ஒழுக்கமேயாகும். இதனை அவர் மறைக்கவில்லை. நூலின் வலிமையும் அந்நேர்மையிலேயே தங்கியுள்ளது.

எனினும் வசை அனைத்தும் ஒரே தன்மையதன்று. 1947 இல் ஜக்கி றொபின்சன் புறூக்லின் அணியிற் சேர்ந்தபோது அவர்மீது வீசப்பட்ட நிறவெறிச் சொற்களும், பந்தைத் தவறவிட்டவனை நோக்கி எழும் ஏளனமும் எங்ஙனம் ஒன்றாகும்? முன்னையது ஒருவனை மைதானத்திலிருந்தே விலக்க முனைவது. பின்னையது, கேட்பதற்கு இனிதன்றாயினும், அவனை ஆட்டக்காரனாக ஏற்றுக்கொண்டதன் பின்னரே எழுவது. இவ்வேறுபாட்டை ஜேம்ஸ் அவ்விடத்திற் பிரித்துக் காட்டாமை குறையே.

சொந்த மண்ணைப் பற்றி எழுதுகையில் அவர் பார்வை கூர்மையடைகின்றது. 1960 ஜனவரியில் போட் ஒவ் ஸ்பெயினில், இங்கிலாந்துக்கெதிரான ஆட்டத்தில், சரண் சிங் ஆட்டமிழந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்டதும் பார்வையாளர் போத்தல்களை எறிந்தனர். அதனை வெறும் காடைத்தனம் என அவர் ஒதுக்கவில்லை. கறுப்பினத்தவரான பிராங் வொறெலுக்குத் தலைமைப் பதவி மறுக்கப்பட்டுவந்தமையால் விளைந்த மனக்கசப்பை அதன் பின்னணியிற் காண்கின்றார். போத்தலுக்கு வரலாறு தேடியவர், பேஸ்போல் கூச்சலுக்கு அதனைத் தேடவில்லை.