தேய்ந்த தட்டும் வேண்டும்

யாழ்ப்பாணத்தில் பழைய இசைத்தட்டுத் தேடுபவருக்கு ஏமாற்றமே அதிகம். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டுகள் அரக்குக் கலவையில் அழுத்தப்பட்டவை, கைதவறினால் துண்டாகிவிடும். பின்னால் வந்த வினைல் அவ்வளவு எளிதில் உடையாது, ஆனால் வெயில் பட்டால் நெளியும். இவற்றையெல்லாம் மிஞ்சிய அழிவு போர். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது சைக்கிளில் ஏறியவை பிள்ளைகளும் உடுப்பு மூட்டையும்தான். பாரமான தட்டுப்பெட்டியை யார் சுமப்பது?

தப்பியவற்றிலும் சோதனை உண்டு. கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டியவர்களிடம் இருந்த தட்டென்றால், ஊசி தேய்த்துத் தேய்த்து இரைச்சல்தான் மிஞ்சியிருக்கும். ஏ.ஈ.மனோகரனின் பொப் பாடல் தட்டுக்கு ஆசைப்பட்டுப் போனால், உறை இருக்கும். உள்ளே வேறு தட்டு இருக்கும்.

ஆனாலும் கீறல் விழுந்ததென்று ஒதுக்கிவிடக்கூடாது. ஒரு பக்கம் புதிதாகவும் மறுபக்கம் நரைத்தும் இருக்கும் தட்டைப் பாருங்கள். ஊர் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டது என்பதற்கு அந்தத் தேய்வே சாட்சி. வேறெந்த ஆவணமும் அதைச் சொல்லாது.