கடலடியில் ஒரு விளக்கு

பழனி மலையின் தென்சரிவில் ஊறும் மஞ்சளாற்று நீர் வைகையில் கலந்து, மழை மிகுந்த ஆண்டுகளில் பாக் விரிகுடாவை எட்டுகிறதாதலால், கடலடியைப் படம்பிடிக்கும் கலை கோடைக்கானல்வாசியான எனக்கும் அந்நியமானதன்று. நீரில் சில மீட்டர் இறங்கியதுமே செந்நிறம் மங்கி உலகமே நீலமாகிவிடுகிறது. அந்த நீலத்தில் விளக்கேந்திப் பவளத்தின் மெய்யான வர்ணத்தை மீட்டுத் தருபவனின் சாமர்த்தியத்தை நான் பெரிதும் போற்றுகிறேன். 40 மீட்டருக்கும் கீழே செல்பவனோ, அழுத்தத்தில் நைட்ரஜன் புத்தியை மயக்குமென்பதால் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்து, விட்ட மூச்சிலிருந்து கரியமிலவாயுவை நீக்கி மீண்டும் அளிக்கும் யந்திரத்தைத் தரித்து, குமிழியோசையின்றி மீன்களை நெருங்கி, திரும்புகையில் இடையிடையே தங்கி, சிலவேளை மணிக்கணக்கில் காத்திருந்தே மேலே வருகிறான். சில நிமிஷக் காட்சிக்கு எத்தனை தவம்!

நம் கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986-இல் தேசியப் பூங்காவாயிற்று. பாக் விரிகுடாவில், மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவுக்கு 2022-இல் காப்பகம் அமைந்தது. அங்கே ஆழம் குறைவுதான். ஆயினும் வண்டல் கலங்கிய நீரில், கூச்சம் மிகுந்த அப்பிராணி கடற்புல் மேய்வதைப் படமெடுக்க வேறுவகைப் பொறுமை வேண்டும். அத்தகைய படங்களை எங்கள் மலையூர்களான பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரையிட்டுக் காட்ட வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை.