பிறவியும் பழக்கமும்

கோவை அவிநாசி சாலை மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டு அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டபோது ஒரு சர்ச்சை எழுந்தது. தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க அரசாணை வந்த அதே சமயத்தில் பாலத்தில் மட்டும் 'நாயுடு' எப்படி என்று கேட்டார்கள். அது சாதியைக் குறிப்பதல்ல, ஆளைக் குறிப்பது என்று பதில் வந்தது. சாதிப் பெயரைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள், அதற்கு அரணாக நின்ற இன்னொரு சொல்லைத் தொடவில்லை: 'மேதை'. எனக்கு அந்தச் சொல்லோடுதான் வழக்கு.

கதை நமக்குத் தெரிந்ததுதான். 1893இல் கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சொற்பம். ஒரு மோட்டார் சைக்கிள்மேல் ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கி, பிரித்துப் போட்டுப் பூட்டியவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ். 1937இல் உள்நாட்டு மின்மோட்டார். இந்த வரிசையில் சொல்லச் சொல்ல, எல்லாம் ஒரு தலைக்குள்ளிருந்தே முளைத்ததாக ஆகிவிடுகிறது. ஆனால் 1888லேயே இங்கே ஸ்டேன்ஸ் மில் வந்துவிட்டது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்தது. மாடு பூட்டிக் கவலை ஓட்டிக்கொண்டிருந்த ஆழக் கிணறுகள் ஏற்கெனவே இருந்தன. மோட்டாருக்கான தேவை மோட்டாருக்கு முன்பே காத்திருந்தது. அந்த மோட்டாரும் தனியொருவர் காரியமல்ல, டி. பாலசுந்தரம் நாயுடுவின் பெயரும் அதோடு சேர்ந்தே வரவேண்டும். அதை வார்த்தவர், கடைந்தவர், காயில் கட்டியவர் பெயர்கள் கதைக்குள் வருவதே இல்லை. 'இந்தியாவின் எடிசன்' என்கிறோம். எடிசனின் மென்லோ பார்க் கூடமே பலர் சேர்ந்து வேலை செய்த இடம் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

கணபதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் பெரியவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "அதெல்லாம் பொறப்புலயே வந்துருக்கோணுங்க" என்றார். சொல்லிக்கொண்டே, அளவுகோலைத் தொடாமல், விரலால் தடவிப் பார்த்து ஒரு தண்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். இது எப்படிங்க வந்தது என்றேன். "இதுங்களா? இது பழக்கமுங்க."

பிரச்சினை முழுக்க இந்த இரண்டு சொற்களுக்குள் இருக்கிறது. முதலாளியின் அறிவுக்குப் பெயர் பிறவி. தொழிலாளியின் அறிவுக்குப் பெயர் பழக்கம். ஒன்று வியப்புக்குரியது, மற்றது கூலிக்குரியது. தன் விரலிலிருக்கும் அறிவை அறிவென்று எண்ணாதபடி அவரை யார் பழக்கினார்கள்?

'பிறவி' என்கிற சொல் உழைப்பவன் பக்கமும் வந்ததுண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை, குலக்கல்வி என்று எதிர்த்தோமே, அதை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்கு ஒரு வேளை பள்ளிக்கூடம், மறுவேளை அப்பன் தொழில். 1954இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. ஆனால் அதன் தர்க்கம் கைவிடப்பட்டதா? மேலே இருப்பவனுக்குப் பிறவி என்றால் தனிச் சொத்து: அவன் மட்டுமே மேதை. கீழே இருப்பவனுக்குப் பிறவி என்றால் விதி: அவன் திறமைகூட அவனுடையதல்ல, சாதியுடையது. குலக்கல்வியை எதிர்த்த நாமே மேடையில் 'பிறவி மேதை' என்று கைதட்டும்போது, முன்வாசலில் துரத்தியதைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவருகிறோம்.

இதில் முரண் என்னவென்றால், இந்தப் புகழ்ச்சிக்கு எதிரான முதல் சாட்சி ஜி.டி. நாயுடுவேதான். கோவையில் 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்து, முதல்வராகவும் இருந்தவர், நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டே வருடம் போதும் என்று வாதாடினார். ஏற்கப்படாதபோது விலகினார். இதன் அர்த்தம் என்ன? தன் கையில் இருப்பது கற்றுத்தரக் கூடியது, சீக்கிரமாகவே கற்றுத்தரக் கூடியது என்று அவர் நம்பினார் என்பதுதானே? ஆனால் காலத்தைச் சுருக்கினால் மட்டும் போதாது. கல்லூரி வாசலுக்குள் யார் நுழைய முடிந்தது என்கிற கேள்வி அப்படியே நிற்கிறது.

அப்படியென்றால் எல்லோரும் ஜி.டி. நாயுடு ஆகிவிடலாமா என்று கேட்பார்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. 'உழைச்சா யாரும் ஆகலாம்' என்கிற பேச்சையும் நான் ஏற்கவில்லை. ஆகாமல் போனவன்மேல் பழியைப் போடுவதற்குத்தான் அது பயன்படுகிறது. ஒரு பையன் ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் போட, முதலில் அது அவன் கைக்குக் கிடைக்க வேண்டும். பூட்டத் தெரியாமல் போனால் அன்றைய சோறு போய்விடக் கூடாது. இந்த இரண்டும் எத்தனை பேருக்கு இருந்தன என்று எண்ணிப் பார்க்காதவரை, பிறவியா பயிற்சியா என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது.

பாலத்துக்கு அவர் பெயர் இருக்கட்டும். அந்தப் பெரியவரின் விரலில் இருப்பதைப் 'பழக்கம்' என்று சொல்வதை முதலில் நிறுத்துவோம்.