30 வருட வில்லங்கம்

நம்ம ஆட்களில் முன்னுக்கு வந்தவர்களின் பேச்சையும் விமர்சிக்க வேண்டியிருக்கிறது. காட்டாங்குளத்தூர் ஸ்டேஷன் டீக்கடையில் ஓர் அண்ணன் சொன்னார்: "நிலத்தக் குடு குடுன்னா எவன் குடுப்பான்? என்னமாதிரி படிச்சி மேல வரட்டும்." இடஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவர். கூடுவாஞ்சேரியில் சொந்த வீடு.

இந்தச் செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையால்தான் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. நம்மவரல்லாதவருக்கு விற்கக்கூடாதென்று நிபந்தனை. இருந்தும் கைமாறியது. காரணை நிலத்தைக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அன்றைக்கு அங்கே கோஷம் போட்டவர்தான் இந்த அண்ணன்.

இடஒதுக்கீடும் பங்கீடுதானே? தான் வாங்கினால் உரிமை, சேரிக்காரன் கேட்டால் ஓசியா? வசதி வந்ததால் மாறிவிட்டார் என்று சொல்லிவிடலாம். நான் ஒப்பமாட்டேன். அவரைவிட வசதியானவர்கள் இன்னும் மனுவோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் இயக்கத்தை விடவில்லை. அண்ணன் விட்டு 15 வருஷமாச்சு.

நானும் யோக்கியனில்லை. போன வருஷம் மனை வாங்கும்போது 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். அதற்கு முன்னால் அது யார் நிலமென்று தாலுக்கா ஆபீசில் 'ஏ' ரிஜிஸ்டரைக் கேட்கவில்லை.