இயல்பு என்று வந்த கடிதம்

சூசன் சொன்டாக் 1978இல் வெளியிட்ட ‘இல்னஸ் ஆஸ் மெட்டஃபர்’ நூலில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் ஒன்றுண்டு. காசநோய் நெஞ்சில், மேலே வருவது. ஆகவே அது ஆன்மாவின் நோயாயிற்று. புற்றுநோயோ பெருங்குடல், மலக்குடல், மார்பு, கருப்பை வாய் என்று சொல்லக் கூசும் இடங்களிலும் வருவது. மாணவிகளோடு இதை வாசித்தபோது மலக்குடல் என்றதும் வகுப்பில் சிரிப்பு. மார்பு என்றபோதுகூட எழாத சிரிப்பு. (எங்கள் வீட்டில் அதற்குச் சொல்லே கிடையாது. ‘வயிறு சரியில்லை’, அவ்வளவுதான்.)

கூச்சத்தைப் பற்றி சொன்டாக் சொன்னது சரி. உருவகங்களை உரித்துவிட்டால் நோய் வெறும் நோயாக எஞ்சும், மருத்துவம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையோடுதான் எனக்குத் தகராறு. உரித்த பிறகு எஞ்சுவது ஓர் எண்.

ஸ்காட்லாந்தில் கூச்சத்தைத் தாண்டிய பெண் இரண்டாண்டுக்கு ஒருமுறை மல மாதிரியை அஞ்சலில் அனுப்புகிறாள். ஒரு கிராம் மலத்தில் ரத்தத்தின் ஹீமோகுளோபின் 80 மைக்ரோகிராம் இருந்தால் கொலனோஸ்கோப்பி. குறைந்தால் இயல்பு என்று கடிதம். இங்கிலாந்து 2019இல் தொடங்கியபோது வைத்த கோடு 120. இரண்டு நாடுகளிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கோடு. கோட்டை எங்கே போடுவது என்பதில், எத்தனை பேருக்குக் கொலனோஸ்கோப்பி செய்ய வசதியுண்டு என்ற கணக்கும் சேர்ந்தே இருக்கிறது.

இயல்பு என்ற முடிவுக்கும் அடுத்த அழைப்புக்கும் இடையில் வெளிப்படும் புற்றை இடைக்காலப் புற்று என்கிறார்கள். பழைய வகை மலப் பரிசோதனை இருந்தபோதே இவை பெண்களிடம் கூடுதல் என்று 2012இல் ஸ்காட்லாந்து ஆய்வு காட்டியது. பெண்களுக்குப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்று வருவது ஆண்களைவிட அதிகம். அங்கிருந்து கசியும் ரத்தம் நீண்ட வழியில் சிதைந்துவிடுகிறது. பெண்ணுடலில் ஹீமோகுளோபினே குறைவு என்பதும் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரே கோடு சமத்துவம்போலத் தோன்றும். அதற்குக் கீழே நழுவுகிறவள் பெண்.

பின்லாந்து பெண்களுக்கு 25, ஆண்களுக்கு 70 என்று வைத்தது. ஸ்டாக்ஹோமில் 40, 80. ஆக, கோட்டை நகர்த்த முடியும்.

சொன்டாக்கை அடுத்த பருவத்திலும் பாடமாக வைக்கிறேன். இம்முறை வகுப்பு தொடங்குமுன் 25, 70 என்று கரும்பலகையில் எழுதிவைக்கப் போகிறேன். சிரிப்பு அதற்குப் பிறகு வரட்டும்.