கழுதையிடம் விட்ட முடிவு

முடிவெடுக்கையில் உள்ளுணர்வை நம்பலாமா? இவ்வினாவோடு புனித இஞ்ஞாசியாரின் தன்வரலாற்றை அணுகுவோருக்கு அந்நூல் எளிய விடை தருவதில்லை. 1553 முதல் 1555 வரை அவர் சொல்லக் கேட்டு, கொன்சால்வெஸ் த காமரா எழுதிவைத்தது அது. தம்மை 'நான்' என்னாது 'திருப்பயணி' என்றே இஞ்ஞாசியார் குறிக்கிறார். தம் உள்ளத்தை அயலார் உள்ளம்போல் ஆராய அந்த விலகல் துணைசெய்கிறது.

1521இல் பம்ப்லோனாவில் குண்டடிபட்டுப் படுத்திருந்தபோது, ஒரு சீமாட்டிக்காக வீரச்செயல் புரியும் கனவும் இனித்தது. புனிதரைப் பின்பற்றும் கனவும் இனித்தது. முன்னது கலைந்ததும் வறட்சி. பின்னது கலைந்தபின்னும் மகிழ்ச்சி. இவ்வேறுபாட்டை அவர் கண்டுகொண்ட இடமே நூலின் உயிர்நாடி.

எனினும் 1522இல், அன்னை மரியாவின் கன்னிமையை மறுத்துப் பேசிய மூர் இனத்தவர் ஒருவரைக் குத்துவதா விடுவதா என்று தத்தளித்து, முடிவைக் கோவேறு கழுதையிடமே விட்டுவிடுகிறார். கழுதை வேறு வழியில் திரும்பியது. ஓர் உயிர் தப்பியது. அதை இறைவன் செயலென்று கூறும் நூல், அவர் ஆன்மா அன்று ஆர்வம் மிகுந்தும் கண் தெளியாதிருந்தது என்பதையும் மறைக்கவில்லை. கொதிப்பு வேறு, உள்ளுணர்வு வேறு என்பதை இதனினும் கூர்மையாய் உணர்த்துவது அரிது.

குறையும் உண்டு. வளர்ச்சியைக் காட்டும் இந்நூல் வழிமுறையை விளக்குவதில்லை. அதற்கு, 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த 'ஆன்மப் பயிற்சிகள்' வேண்டும். முன்பின் அறியாத ஒருவருக்கு இதே நிலையில் என்ன அறிவுரை சொல்வேன், சாகும் வேளையில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவேன் என அறிவாலும் ஆராயச் சொல்கிறது அது.

மகளின் திருமணமோ மகனின் துறவழைப்போ, முடிவு எதுவாயினும், முதல் ஆர்வம் அடங்கியபின் உள்ளத்தில் எஞ்சுவது எது? அன்பர்களே, நம்பத்தக்கது அதுவே.