கூரைக்கு அன்று, மேசைக்கு: வீட்டுப் பட்டறையில் எல்இடி ஸ்ட்ரிப்

ஃபால்ஸ் சீலிங்கின் மறைவிளிம்புகளிலும் கடைகளின் கண்ணாடி அலமாரிகளிலும் அலங்காரத்துக்காக ஒட்டப்பட்டுவந்த எல்இடி ஸ்ட்ரிப், இப்போது வீட்டோடு சேர்ந்த கார் ஷெட்டுகளுக்கும், கோயம்புத்தூர் போன்ற தொழில் நகரங்களில் வீட்டின் பின்கட்டில் ஒற்றை லேத்தை வைத்து நடத்தப்படும் சிறு பட்டறைகளுக்கும் வேலை விளக்காக வந்து சேர்ந்திருக்கிறது. வேண்டிய நீளத்துக்குக் கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம் என்பதும், பின்புறத் தாளை உரித்து ஒட்டினால் வேலை முடிந்தது என்பதும் அதன் விற்பனைக்குப் பெருந்துணை புரிகின்றன. ஆனால் அலங்கார விளக்குக்கும் வேலை விளக்குக்கும் அளவுகோல் ஒன்றாக இருக்க முடியாது. முன்னது கண்ணுக்கு இதமாக இருந்தால் போதும், பின்னதோ வெர்னியரின் கோட்டைப் பிழையின்றிப் படிக்க உதவ வேண்டும், சுழலும் சக்கின் அருகே கையை ஆபத்துக்கு உள்ளாக்காமலும் இருக்க வேண்டும். அந்த அளவுகோலால் பார்க்கும்போது, ஸ்ட்ரிப்பை முழுமையான விளக்காகக் கருதாமல் விளக்கின் ஓர் உறுப்பாகக் கருதி, அதை உரிய இடத்தில், உரிய துணைப்பொருள்களோடு பொருத்துபவருக்கே அது பயன்தருகிறது.

ரோலில் இருப்பது

எல்இடி ஸ்ட்ரிப் என்பது செம்புத் தடங்கள் பதித்த, வளையக்கூடிய மெல்லிய சுற்றுப்பலகை. அதன்மீது சிறு எல்இடிகளும் அவற்றின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடைகளும் வரிசையாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. பெட்டியின்மீது அச்சிட்டிருக்கும் 2835, 5050 ஆகிய எண்கள் எல்இடி உறையின் அளவைக் குறிக்கின்றன: முதலாவது 2.8 மில்லிமீட்டருக்கு 3.5 மில்லிமீட்டர், இரண்டாவது ஐந்துக்கு ஐந்து. எண் பெரிதாக இருப்பதாலேயே ஒளியும் கூடுதல் என்று கொள்வதற்கில்லை. நிறம் மாறும் வகைகளில் மூன்று சில்லுகளை ஓர் உறைக்குள் அடக்குவதற்கு 5050 ஏற்றது, வெள்ளை ஒளி மட்டுமே வேண்டிய பட்டறைக்கு மீட்டருக்கு 120 எல்இடி கொண்ட 2835 வகையே போதுமானது.

சில்லுகளை மிக நெருக்கமாக அடுக்கி, அவற்றின்மேல் பாஸ்பரப் பூச்சைத் தொடர்ச்சியாக இட்டுச் செய்யப்படும் சிஓபி வகை, புள்ளிகள் தெரியாமல் ஒரே கோடாக ஒளிர்கிறது. இவ்வேறுபாடு அழகோடு நின்றுவிடுவதில்லை. எஃகு அளவுகோலைச் சாதாரண வகையின் கீழே பிடித்தால், ஒவ்வோர் எல்இடியும் தனிப்புள்ளியாகப் பிரதிபலித்து, மில்லிமீட்டர்க் கோடுகளுக்கு இடையே நின்று கண்ணைக் குழப்புகிறது. மெருகேற்றிய கார் பானெட்டின்மேல் சிஓபி ஒளி விழும்போதோ, பிரதிபலிப்பு ஒரே நேர்கோடாக அமைவதால், அக்கோடு எந்த இடத்தில் வளைகிறதோ அந்த இடத்தில் நசுங்கல் இருப்பதைப் பார்வை உடனே பிடித்துக்கொள்கிறது. பெயின்ட் கெடாமல் நசுங்கல் எடுப்போர் கோடுகோடாக ஒளிரும் விளக்குகளை வைத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

வெளிச்சக் கணக்கு

லுமென் என்பது விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அலகு. லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து விழும் லுமென்களின் எண்ணிக்கை. விற்பவர் லுமெனைச் சொல்கிறார், வேலை செய்பவருக்கு வேண்டியதோ லக்ஸ். பணியிட ஒளியமைப்புக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 12464-1, தச்சு மேசை வேலைக்கு 300 லக்ஸும், மர இயந்திரங்களில் செய்யும் வேலைக்கு 500 லக்ஸும், மெருகிடல், வண்ணம் பூசுதல் போன்றவற்றுக்கு 750 லக்ஸும் வேண்டும் என்கிறது.

மீட்டருக்கு 10 வாட் எடுத்து 1,000 லுமென் தரும் நடுத்தர ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் இடத்தின் முக்கியத்துவம் விளங்கும். ஐந்து மீட்டர் ரோல் முழுவதையும், மேசை மட்டத்துக்கு மேல் 1.85 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூரையில் நேராக ஒட்டினால், 50 வாட் செலவில், அதன் நடுப்பகுதிக்கு நேர்கீழே ஏறத்தாழ 240 லக்ஸ் மட்டுமே நேரடியாக வந்து சேர்கிறது. சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒளி இதில் சேராது. அதே ரோலிலிருந்து ஒன்றரை மீட்டரை வெட்டியெடுத்து, மேசைக்கு அரை மீட்டர் மேலே உள்ள அலமாரித் தட்டின் அடியில் பொருத்தினால், 15 வாட்டிலேயே 900 லக்ஸை ஒட்டிய வெளிச்சம் கிடைக்கிறது. ஒளிபரப்பும் மூடியில் ஒரு பகுதி குறைந்தாலும், நுண்வேலைக்குப் போதிய வெளிச்சம் மிஞ்சுகிறது.

கூரையிலிருந்து அறை முழுவதையும் ஒளியூட்டும் வேலையை, 20 வாட்டில் 2,000 லுமென் அளவுக்குத் தரும் சாதாரண எல்இடி டியூப் லைட்டுகள் இதைவிட எளிதாகச் செய்துவிடுகின்றன. அவற்றுக்குத் தனி மின்வழங்கியும் வேண்டாம், அலுமினியச் சட்டமும் வேண்டாம், ஈயப்பற்றும் வேண்டாம். டியூப் லைட்டால் முடியாதது நிழலை விலக்குவதுதான். கூரை விளக்கு பெரும்பாலும் வேலை செய்பவரின் முதுகுக்குப் பின்னால் அமைந்துவிடுவதால், தலையின் நிழல் வைஸில் பிடித்த பொருளின்மீதே விழுகிறது. தட்டின் முன்விளிம்பை ஒட்டி ஸ்ட்ரிப்பை வைத்து, அதன் முகத்தைச் சுவர்ப்பக்கமாகச் சற்றே சாய்த்து, மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள மரச்சட்டத்தால் கண்ணிலிருந்து மறைத்தால், நிழலும் கூச்சமும் ஒருசேர நீங்குகின்றன. ஒளி ஒரே புள்ளியிலிருந்து வராமல் மேசையின் நீளம் முழுவதிலிருந்தும் வருவதால், கையின் நிழல்கூட விளிம்பு மங்கிக் கரைந்துவிடுகிறது.

12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடிகளும் ஒரு மின்தடையும் தொடராக இணைந்து ஒரு கண்ணியாகின்றன. வெட்டுக்குறிகள் இக்கண்ணிகளுக்கு இடையேதான் இருக்கின்றன, வேறிடத்தில் வெட்டினால் அந்தக் கண்ணி எரியாது. ஓர் எல்இடிக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வீதம் மூன்றுக்கும் 9 வோல்ட் போக, மீதி 3 வோல்ட் மின்தடையில் வெப்பமாக வீணாகிறது. அதாவது மின்சாரத்தில் கால்பங்கு ஒளியாவதற்கு வழியே இல்லை. ஒரு கண்ணியில் ஏழு எல்இடி வைத்த 24 வோல்ட் வகைகளில் இவ்வீண் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது.

நீளம் கூடும்போது வேறுபாடு இன்னும் வெளிப்படையாகிறது. மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும் ஐந்து மீட்டர் ஸ்ட்ரிப்புக்கு 72 வாட் தேவை. அது 12 வோல்ட்டில் 6 ஆம்பியர், 24 வோல்ட்டில் 3 ஆம்பியர். மின்வழங்கியை ஐந்து மீட்டர் தள்ளிவைத்து 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரால் இணைத்தால், போகவும் வரவுமான பத்து மீட்டர் ஒயரிலேயே முதல் வகையில் 0.7 வோல்ட்டும், இரண்டாவதில் அதில் பாதியும் இழப்பாகின்றன. 0.7 வோல்ட் சிறிதாகத் தோன்றினாலும், அது மின்தடைக்கு உரிய 3 வோல்ட்டிலிருந்து கழிவதால், எல்இடிகளின் மின்னோட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, ஸ்ட்ரிப்பின் தொடக்கத்திலேயே ஒளி மங்கிவிடுகிறது. ஸ்ட்ரிப்பின் செம்புத் தடங்களில் ஏற்படும் இழப்பும் சேர்ந்து, கடைசி மீட்டர் முதல் மீட்டரைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி சோர்ந்து எரிகிறது. ஆகையால் மேசை விளக்குக்கு 12 வோல்ட் போதுமானாலும், ஷெட்டின் நீளச்சுவர் முழுவதும் ஓட்டுவதற்கு 24 வோல்ட்டைத் தேர்ந்து, இரு முனைகளிலும் மின்சாரம் கொடுப்பதே முறை.

230 வோல்ட் மாறுமின்சாரத்தை ஸ்ட்ரிப்புக்கு வேண்டிய 12 அல்லது 24 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டியைக் கடைக்காரர்கள் எஸ்எம்பிஎஸ் என்கிறார்கள். இதன் திறனில் 80 விழுக்காட்டுக்குமேல் சுமை ஏற்றாதிருப்பது வழக்கமாகையால், 72 வாட் ஸ்ட்ரிப்புக்கு 100 வாட் பெட்டி பொருந்தும். துளையிட்ட உலோக உறையுள்ள மலிவு வகைகளில் 230 வோல்ட் முனைகள் திறந்தே கிடப்பதால், காற்றோட்டமுள்ள மூடிய பெட்டிக்குள் வைத்து எர்த் இணைப்புக் கொடுக்காமல் அவற்றைப் பயன்படுத்தலாகாது; 110, 220 என்ற தெரிவு சுவிட்ச் இருப்பின், மின்சாரம் கொடுப்பதற்கு முன்னரே அது 220இல் இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்இடிக்கான மின்வழங்கிகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவையாதலால், உறையின்மீது பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பதும் நன்று.

மினுக்கமும் சுழலும் சக்கும்

ஸ்ட்ரிப்பின் பெயரிலேயே விற்கப்படும் மற்றொரு சரக்கு, எஸ்எம்பிஎஸ் இல்லாமல் நேரே 230 வோல்ட்டில் எரியும் நீளமான ரோல். இதன் பிளக்கில் இருப்பது பெரும்பாலும் மாறுமின்சாரத்தை ஒருதிசைப்படுத்தும் எளிய சுற்று மட்டுமே. ஆகவே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண்ணுக்கு அது தெரியாது என்றாலும், சுழலும் பொருளின்மீது விழும்போது அதன் விளைவு தெரிகிறது. மூன்று தாடைகள் கொண்ட லேத் சக், நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் ஓடும்போது, நொடிக்கு 100 தாடைகள் ஒரே இடத்தைக் கடந்துபோகின்றன. ஒவ்வொரு முறை ஒளி உச்சம் அடையும்போதும் ஏதோ ஒரு தாடை அதே இடத்தில் நிற்பதால், சக் அசையாமல் நிற்பதுபோன்ற மயக்கம் உண்டாகக்கூடும். நான்கு தாடை சக்குக்கு அந்த வேகம் 1,500 சுற்று. நின்றுவிட்டது என்று நம்பிக் கை நீட்டுவதன் விளைவைப் பட்டறையில் புழங்குவோருக்கு விளக்க வேண்டியதில்லை.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸோடு இணைந்த 12, 24 வோல்ட் ஸ்ட்ரிப்பில் இந்த ஏற்றிறக்கம் மிகவும் குறைவு. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைச் சேர்த்தால் மட்டும் சிக்கல் வேறு வடிவில் திரும்புகிறது. விலை குறைந்த டிம்மர்கள் மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பியே ஒளியைக் குறைக்கின்றன. கைப்பேசியின் மெதுவியக்கக் காணொளியில் விளக்கைப் பதிவுசெய்து பார்த்தால், மினுக்கம் உள்ள விளக்கு துடிப்பதும் மினுக்கம் இல்லாதது சீராக எரிவதும் எளிதில் தெரிந்துவிடும். மின்தாக்கு அபாயத்தையும் சேர்த்து எண்ணினால், இரும்புச் சீவலும் கூர்ங்கருவிகளும் நிறைந்த பட்டறைக்குள் நேரடி 230 வோல்ட் ரோலுக்கு இடமே இல்லை.

நிறம்

வெள்ளை எல்இடி என்பது நீல ஒளி தரும் சில்லின்மீது மஞ்சள் பாஸ்பரம் பூசியது. அந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கியதற்காகவே அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றனர். இந்தக் கலவையில் இயல்பாகவே சிவப்பு குறைவு. பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண், எட்டு மென்னிறங்களின் சராசரியாகக் கணக்கிடப்படுவதால், ஆழ்சிவப்பில் உள்ள குறை அதில் வெளிப்படுவதில்லை. அதற்கு ஆர்9 என்ற தனி எண்ணைக் கேட்க வேண்டும். சிஆர்ஐ 80 உள்ள மலிவு ஸ்ட்ரிப்பின்கீழ் வாகன ஒயரிங்கின் சிவப்பும் பழுப்பும் ஒன்றோடொன்று மயங்குவதற்கும், 90க்கு மேற்பட்டதன்கீழ் அவை பிரிந்து தெரிவதற்கும் இதுவே காரணம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 6,500 கெல்வின் நீலவெள்ளையைவிட, 4,000 முதல் 5,000 கெல்வின் வரையிலான நடுநிலை வெள்ளை நெடுநேர வேலைக்கு உகந்தது.

வெப்பம், தூசி, பசை

எல்இடியின் பகை வெப்பம். பெட்டியில் காணும் 50,000 மணி என்ற ஆயுள், உரிய வெப்பநிலையில் வைக்கப்பட்ட எல்இடிக்கு உரியதே தவிர, சித்திரை வெயிலில் காயும் தகரக் கூரையின் அடியில் ஒட்டப்பட்ட ஸ்ட்ரிப்புக்கு உரியதன்று. மரத்திலோ சுண்ணாம்புச் சுவரிலோ நேரே ஒட்டும்போது வெப்பம் வெளியேற வழியில்லாமல் போவதோடு, பசையும் இளகி ஸ்ட்ரிப் தொங்கிவிடுகிறது. அலுமினிய ப்ரொஃபைல் எனப்படும் சட்டத்தை ஸ்க்ரூ போட்டு இறுக்கி அதனுள் ஸ்ட்ரிப்பை ஒட்டினால், வெப்பம் உலோகத்தில் பரவுகிறது, பசைக்குத் தட்டையான தளம் கிடைக்கிறது, மேல்மூடி தூசியையும் தடுக்கிறது. மின்வழங்கியின் மின்தேக்கிகள் 10 பாகை வெப்பம் கூடினால் பாதி ஆயுளை இழக்கும் என்பது பொதுக்கணக்கு. ஆகவே அப்பெட்டி கூரையோரத்தில் இருப்பதைவிடச் சுவரின் நடுமட்டத்தில் இருப்பது மேல்.

கிரைண்டரிலிருந்து தெறிக்கும் இரும்புத்தூள் மூடியில்லாத ஐபி 20 வகையின் செம்பு முனைகளுக்கு இடையே படிந்து குறுக்குச்சுற்று ஏற்படுத்த வல்லது. ஐபி எண்ணின் முதல் இலக்கம் தூசித்தடுப்பையும் இரண்டாவது நீர்த்தடுப்பையும் குறிப்பதால், சிலிக்கோன் பூசிய ஐபி 65 வகை இங்கே பாதுகாப்பானது. அப்பூச்சு ஒளியின் நிறத்தைச் சற்றே மாற்றும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இணைப்புகளுக்குக் கவ்விவகை கனெக்டர்கள் வசதியானவை என்றாலும், இயந்திர அதிர்வில் அவை நாளடைவில் தளர்ந்து சூடாகின்றன; ஈயம் பற்றவைத்து ஸ்லீவ் போட்டால் அத்தொல்லை இல்லை.

மதிப்பீடு

ஷெட்டுக்கு ஒரே விளக்காக ஸ்ட்ரிப்பை நாடுபவருக்கு இது பரிந்துரைக்கத்தக்கதன்று. ப்ரொஃபைல், எஸ்எம்பிஎஸ், ஒயர், கூலி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் ரோலின் விலை மொத்தச் செலவில் சிறு பகுதியே, கிடைக்கும் பொது வெளிச்சமோ இரண்டு மூன்று டியூப் லைட்டுகள் தருவதுதான். அவற்றைக் கூரையில் முதலில் பொருத்திவிட்டு, மேசைக்கு மேலும், கருவித் தட்டுகளின் அடியிலும், லேத்தின் பின்புறத்திலும் இரண்டு மூன்று மீட்டர் ஸ்ட்ரிப்பைச் சேர்ப்பவருக்கோ, வேறு எந்த விளக்கும் இத்தனை குறைந்த மின்சாரத்தில் இத்தனை நிழலற்ற வெளிச்சத்தைத் தருவதில்லை. வாங்கும்போது 24 வோல்ட், சிஆர்ஐ 90, 4,000 கெல்வின், ஐபி 65 என்ற நான்கையும் கேட்டு வாங்குவதும், கார் பாடி வேலை செய்பவராயின் சிஓபியைத் தேர்வதும் போதும். ஆப், ரிமோட், நிறமாற்றம் ஆகியவற்றுக்குச் செலவிடும் தொகையை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் திருப்பிவிடுவதே பட்டறைக்கு இலாபம்.